அரணை தன் வாலைத் தானே துண்டிப்பது எப்படி?

அரணை ஒரு சின்னப் பல்லி வகை. வழவழப்பான செதில், குட்டைக் கால், கழுத்தே இல்லாதது போன்ற உடல். பகலில் வெயில் காய்ந்து உடம்பைச் சூடாக்கிக்கொண்டு, சருகுகளுக்கு இடையில் கரையான், சிலந்தி, வெட்டுக்கிளி என்று தேடித் தின்னும்.

சரி, வாலுக்கு வருவோம். தபால்தலைத் தாளில் கிழிப்பதற்கென்றே வரிசையாகத் துளை போட்டிருப்பார்கள் இல்லையா? அதுபோல அரணையின் வால் எலும்புகளிலேயே பிளவுக் கோடுகள் இருக்கின்றன. பாம்போ பறவையோ வாலைக் கவ்வினால், அங்குள்ள தசைகள் இறுகி வாலை அந்தக் கோட்டில் உடைத்துவிடும். ரத்தக்குழாய்களும் உடனே சுருங்குவதால் அதிகம் ரத்தம் போகாது. அறுந்த வால் கொஞ்ச நேரம் துள்ளும். எதிரி அதையே பார்த்துக்கொண்டிருக்க, அரணை தப்பிவிடும்.

ஆனால் இது பெரிய இழப்பு. பல அரணைகள் கொழுப்பைச் சேமிப்பதே வாலில்தான். இரை கிடைக்காத நாட்களுக்கான இருப்பு அது. அதனால்தான் சில அரணைகள் ஆபத்து நீங்கியதும் திரும்பி வந்து தன் வாலையே தின்றுவிடுகின்றன! எனக்கு இதைவிட வியப்பான விஷயம் இல்லை. அப்புறம் புது வால் முளைக்கும். அதற்குள் எலும்பு இருக்காது, குருத்தெலும்புத் தண்டுதான்.

அரணைக்குக் கொடிய விஷம் என்று பலர் பயந்து அடித்துக் கொல்கிறார்கள். எந்த அரணைக்கும் விஷம் கிடையாது.