நடுவில் நெட் போனால் ஆபரேஷன் என்ன ஆகும்?

கேள்வி: அப்பாவுக்குப் புராஸ்டேட் புற்றுநோய். கோவையில் ரோபோ ஆபரேஷன் செய்யலாம் என்கிறார்கள். வெளியூர் டாக்டர் நெட் மூலமாகவே செய்துவிடுவார் என்கிறார் எங்கள் மாமா. பாதியில் நெட் போய்விட்டால் என்ன பண்றதுங்க?
– ஒரு வாசகர், காங்கயம்

பதில்: ரோபோ ஆபரேஷன் என்றாலே தொலைதூர ஆபரேஷன் இல்லைங்க. வழக்கமாக டாக்டர் அதே தியேட்டருக்குள் சில அடி தள்ளி, கன்சோலில் (திரையும் கைப்பிடிகளும் உள்ள கட்டுப்பாட்டு மேசை) உட்கார்ந்து கருவிகளை இயக்குவார். ரோபோ தானாக எதையும் வெட்டாது. கன்சோலுக்கும் ரோபோவுக்கும் நடுவே ஓடுவது கேபிள். நெட்டுக்கு அங்கே வேலையில்லை.

மாமா சொல்வதும் பொய்யல்ல. 2001 செப்டம்பரிலேயே நியூயார்க்கில் இருந்தபடி பிரெஞ்சு சர்ஜன் ஜாக் மாரெஸ்கோ, பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் படுத்திருந்த பெண்ணின் பித்தப்பையை அகற்றினார். 2018இல் டாக்டர் தேஜஸ் படேல், சுமார் 32 கி.மீ. தள்ளி இருந்துகொண்டு அகமதாபாத் நோயாளியின் இதய ரத்தக்குழாய் அடைப்பைச் சரிசெய்தார்.

இதில் பார்க்க வேண்டியது நெட் வேகத்தைவிடத் தாமதத்தை. டாக்டரின் கை அசைந்து, அந்த அசைவு திரையில் தெரிய எவ்வளவு நேரம்? மாரெஸ்கோவுக்குச் சராசரியாக 0.155 விநாடி. 0.2 வரை கை பழகிக்கொள்ளும், 0.3ஐத் தாண்டினால் தடுமாறும். தூரத்தின் பங்கு இதில் குறைவு. கோவையிலிருந்து சென்னைக்கு ஃபைபரில் ஒளி போய்த் திரும்ப 0.01 விநாடிகூட ஆகாது. வீடியோவைச் சுருக்கி விரிப்பதும், வழியில் உள்ள கருவிகளும்தான் நேரத்தைத் தின்கின்றன. தாமதம் ஒரே சீராக இருந்தால்கூடச் சமாளிக்கலாம். ஏறி இறங்கினால்தான் ஆபத்து: தையல் போடும்போது ஊசி நகரவில்லையே என்று டாக்டர் இன்னும் கொஞ்சம் இழுப்பார், உள்ளே அது ஏற்கெனவே நகர்ந்திருக்கும், தசை கிழியும். பல ரோபோக்களில் தொடு உணர்வு கிடையாது, கண்ணை நம்பித்தான் எல்லாமே.

சரி, இணைப்பே அறுந்தால்? கருவிகள் அசையாமல் நிற்க வேண்டும். நோயாளி பக்கத்தில் இருக்கும் சர்ஜன் உடனே பொறுப்பேற்று, லேப்ராஸ்கோபியாகவோ (சிறு துளைகள் வழியே கையால் செய்வது) வயிற்றைத் திறந்தோ முடிக்க வேண்டும். ஆகவே தொலைதூரம்தான் என்றால், "அப்பா பக்கத்தில் நிற்கப்போவது யார், இதே ஆபரேஷனைத் தனியாகச் செய்து பழகியவரா?" என்று பெயரோடு கேளுங்கள். மழுப்பினால் ஒத்துக்கொள்ள வேண்டாம். அப்புறம், மாற்று இணைப்பு வேறு பாதையில் வருகிறதா என்றும் கேளுங்கள். இரண்டு கேபிளும் ஒரே குழியில் கிடந்தால், அவிநாசி ரோட்டில் ஒரு ஜேசிபி போதும்!

டாக்டர் கோவையிலேயே உட்கார்ந்து செய்வதாக இருந்தால் இதெல்லாம் தேவைப்படாது. ரோபோவில் இந்தப் புராஸ்டேட் ஆபரேஷனை அவர் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார் என்பதை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.