சிகாகோவில் இரண்டு நாள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஆகஸ்ட் கடைசியில் நானும் மனைவியும் மகன் வீட்டுக்குப் போகிறோம். சிகாகோவுக்குப் பக்கத்தில் நேப்பர்வில்லில் இருக்கிறான். ஒரு மாதம் தங்குவோம். நகரத்தைச் சுற்றிக்காட்ட இரண்டு நாள் ஒதுக்கி, பன்னிரண்டு இடங்களுக்குப் பட்டியல் போட்டு அனுப்பியிருக்கிறான். எங்கள் வயதுக்கு அத்தனையும் முடியாது. அதில் 'டேஸ்ட் ஆஃப் சிகாகோ' என்று ஒரு உணவுத் திருவிழாவும் இருக்கிறது. கூட்டத்தில் வரிசையில் நின்று சாப்பிடவா அவ்வளவு தூரம் போகிறோம், அந்த நேரத்தில் இன்னொரு கட்டடத்தைப் பார்க்கலாமே என்று எனக்குத் தோன்றுகிறது. மனைவி சைவம் வேறு. நீங்கள் அங்கே போய்வந்ததாக முன்பு எழுதியிருந்தீர்கள். எதை விடலாம், எதை விடக்கூடாது?

அன்புடன்,
கோ., ஈரோடு

அன்புள்ள கோ.,

பட்டியலில் எதை வேண்டுமானாலும் விடுங்கள், திருவிழாவை மட்டும் விடாதீர்கள்.

சாப்பாட்டுக்காக மட்டும் சொல்லவில்லை. அது நடக்கிற இடத்துக்காகச் சொல்கிறேன். கிராண்ட் பார்க் என்று பெயர். ஒரு பக்கம் கடல் மாதிரி மிச்சிகன் ஏரி, இன்னொரு பக்கம் சுவர் எழுப்பியதுபோல வானுயர்ந்த கட்டடங்கள், நடுவில் பரந்த வெறும் நிலம். 1871 அக்டோபரில் சிகாகோ தீப்பிடித்து எரிந்தது. வெந்து விழுந்த செங்கல்லையும் சாம்பலையும் அள்ளிக்கொண்டு வந்து ஏரியோரத்தில் கொட்டினார்கள். அப்படித் தூர்த்த நிலமும் சேர்ந்ததுதான் இன்றைய பூங்கா.

அதற்கும் முன்பே, 1836-ல், அங்கே மனை பிரித்தவர்கள் கரையோரத்துத் துண்டைப் பொது நிலம் என்று குறித்து, என்றைக்கும் கட்டடம் இல்லாத திறந்தவெளியாக இருக்க வேண்டும் என்று வரைபடத்திலேயே எழுதிவைத்தார்கள். எழுதிவைத்தால் போதுமா? ஊர் பெருத்ததும் ஆளாளுக்கு அங்கே எதையாவது கட்டப் பார்த்தார்கள். மான்ட்கோமரி வார்ட் என்கிற வியாபாரி, தபால் வழியாகச் சாமான் விற்றுப் பெரும் பணக்காரர் ஆனவர், 1890-ல் கோர்ட்டுக்குப் போனார். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் விடாமல் வழக்காடினார். ஊர் முன்னேற்றத்தைத் தடுக்கிறார் என்று பத்திரிகைகள் அவரைத் திட்டின. அவர் அன்று பிடித்த பிடியில்தான் இன்று நீங்கள் புல்லில் உட்கார்ந்து ஏரியைப் பார்க்க முடிகிறது. புறம்போக்கும் குளமும் பட்டா நிலமாகிப் போவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்த ஊரில் என்னை நிற்கவைத்தது அந்தக் காலி இடம்தான்.

முதல் நாளைத் திருவிழா நாளாக வையுங்கள். நேப்பர்வில்லிலிருந்து மெட்ரா ரயில் நேராக யூனியன் ஸ்டேஷனுக்கு வருகிறது. இறங்கி ஆடம்ஸ் தெருவைப் பிடித்துக் கிழக்கே நடந்தால் சுமார் ஒன்றேகால் கிலோமீட்டரில் பூங்கா வந்துவிடும். போகிற வழியில் ஆற்றைத் தாண்டியதும் வில்லிஸ் டவர். 110 மாடி, 442 மீட்டர். 103-ஆம் மாடியில் கண்ணாடித் தரையில் நிற்கவைக்கிறார்கள். வரிசை நீளம் என்றால் விட்டுவிடலாம். ஆனால் கீழே நின்று ஐந்து நிமிடம் அண்ணாந்து பாருங்கள். ஒன்பது சதுரக் குழாய்களை ஒன்றாகச் சேர்த்துக் கட்டி, ஒவ்வொன்றையும் வெவ்வேறு உயரத்தில் நிறுத்தியதுபோல இருக்கும். அந்த அமைப்பை யோசித்த பொறியாளர் ஃபஸ்லுர் ரஹ்மான் கான், டாக்காவில் பிறந்தவர்.

அதே தெரு போய் முட்டுகிற இடத்தில், வாசலில் இரண்டு வெண்கலச் சிங்கங்களோடு ஆர்ட் இன்ஸ்டிடியூட் இருக்கிறது. 1893 செப்டம்பர் 11 அன்று விவேகானந்தர் பேசியது இந்தக் கட்டடத்தில்தான். அவரை அனுப்பிவைக்க அளசிங்கப் பெருமாளும் நண்பர்களும் சென்னையில் வீடு வீடாக ஏறிப் பணம் திரட்டினார்கள். நீங்கள் போவதும் செப்டம்பர். அந்தப் படியில் கொஞ்ச நேரம் உட்காருங்கள்.

பக்கத்திலேயே மில்லேனியம் பார்க்கில் அனிஷ் கபூரின் 'கிளவுட் கேட்'. ஊர்க்காரர்கள் அவரைக்கொட்டை என்று பொருள்படும்படி 'பீன்' என்கிறார்கள். எல்லோரும் வெளியே நின்று படம் எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நீங்கள் அடியில் நுழைந்து மேலே பாருங்கள். உங்கள் உருவம் இழுபட்டு, வளைந்து, நாலைந்தாகப் பிரிந்து தெரியும். எங்கே நிற்கிறோம் என்று நம்மையே நாம் தேட வேண்டியிருக்கும்.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன். 1980 ஜூலை 4 அன்று மிச்சிகன் அவென்யூ சாலையில் முதல் திருவிழா நடந்தது. எதிர்பாராத கூட்டம். அடுத்த ஆண்டே கிராண்ட் பார்க்குக்கு மாற்றிவிட்டார்கள். நான் போனபோது ஜூலையில்தான் நடந்தது. சில ஆண்டுகளாகச் செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு வார இறுதிக்கு வந்துவிட்டது. தேதியை மகனிடம் சொல்லி உறுதிசெய்துகொள்ளுங்கள். உள்ளே போகக் கட்டணம் இல்லை, சாப்பிடுவதற்குத்தான் காசு. சின்ன அளவாகவும் தருவார்கள், அதையே கேளுங்கள். நான்கு கடையில் ருசி பார்க்கலாம்.

நீங்கள் அசைவம் என்றால் ஹாட் டாக் கடையில் வாங்குவதற்கு முன் கடைக்காரரின் கையைக் கவனியுங்கள். கசகசா தூவிய பன், அதில் மாட்டிறைச்சி சாஸேஜ், மேலே ஒரு கோடு கடுகு விழுது. கண்ணைப் பறிக்கும் பச்சை நிறத்தில் வெள்ளரி ஊறுகாய்த் துருவல், பொடியாக நறுக்கிய வெங்காயம், இரண்டு பக்கமும் தக்காளி, நீளவாக்கில் ஒரு ஊறுகாய் வெள்ளரி, இரண்டு சின்னப் பச்சை மிளகாய், கடைசியில் செலரி உப்பு. அரை நிமிடம்கூட ஆகாது. நான் பழக்க தோஷத்தில் தக்காளி சாஸ் கேட்டேன். எனக்குப் பின்னால் நின்ற பெரியவர் ஒருவர் என் தோளைத் தொட்டு, "இங்கே அது வேண்டாம், அப்படியே சாப்பிட்டுப் பார்" என்றார். அவர் சொன்னது சரி. உப்பும் புளிப்பும் உறைப்பும் அதிலேயே இருந்தன. (சாஸேஜ் மாட்டிறைச்சி, அதனால் பார்த்துக்கொள்ளுங்கள்.)

உங்கள் மனைவிக்குப் பசலைக்கீரை போட்ட டீப் டிஷ் பீட்சா இருந்தால் வாங்கிக் கொடுங்கள். ஆழமான சட்டியில் முதலில் சீஸ், மேலே தக்காளி என்று தலைகீழாக அடுக்கி வேகவைப்பது. ஒரு துண்டே ஒரு வேளைச் சாப்பாடு. சுட்ட சோளம் கிடைத்தால் அதுவும் நன்றாக இருக்கும். இனிப்புக்குச் சீஸ்கேக் வாங்கத் தோன்றினால், அதில் முட்டை உண்டு.

மாலையில் பூங்காவை விட்டுக் கிளம்பாதீர்கள். நடுவில் 1927-ல் கட்டிய பக்கிங்காம் நீரூற்று இருக்கிறது. மணிக்கு ஒருமுறை இருபது நிமிடம் தண்ணீரை 150 அடி உயரத்துக்கு எழுப்புவார்கள். இருட்டினால் விளக்கோடு. காற்று திரும்பினால் சாரல் முகத்தில் அடிக்கும்.

இரண்டாம் நாள் முழங்காலுக்கு ஓய்வு. ஆற்றில் படகுச் சுற்றுலா ஒன்றரை மணி நேரம், உட்கார்ந்தபடியே எல்லாக் கட்டடங்களையும் பார்த்துவிடலாம். வழிகாட்டி கதை சொல்லிக்கொண்டே வருவார். பட்டியலில் மிச்சம் இருப்பதை மகன் இன்னொரு முறைக்கு வைத்துக்கொள்ளட்டும்.

அப்புறம், வார இறுதியில் திரும்பும் ரயில்கள் குறைவு. கடைசி வண்டியின் நேரத்தைக் காலையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். இருட்டியதும் ஏரிக்காற்று குளிரும், அக்காவுக்கு ஒரு சால்வை வேண்டும். புல்லில் விரிக்க ஒரு ஜமுக்காளமும் எடுத்துப்போங்கள். ஈரோட்டுக்காரருக்கு அதை நான் சொல்ல வேண்டுமா என்ன!