பழைய பெட்ரோல் பங்க் மனை: ஒரே ஒரு துளையின் அறிக்கையை நம்பலாமா?

கேள்வி: முன்பு பெட்ரோல் பங்க்கும் அதையொட்டிப் பழுதுபார்ப்புக் கூடமும் இயங்கிய மனை ஒன்றை வாங்க எண்ணியுள்ளேன். மனையின் நடுவில் 30 மீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டு எடுத்த நீரில் மாசு ஏதும் இல்லை என்ற ஆய்வக அறிக்கையை விற்பவர் காட்டுகிறார். அது போதுமா?

பதில்: போதாது. அறிக்கை நேர்மையானதாகவே இருக்கலாம். ஆனால் அந்தத் துளை எந்த அடுக்கிலிருந்து நீரை எடுத்தது என்பது தெரியாதவரை அதை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. பெட்ரோல் நீரைவிட இலேசானது என்பதால், தொட்டியிலிருந்து கசிந்தது மண் வழியே இறங்கி நிலத்தடி நீர்மட்டத்தை எட்டியதும் அதன்மேல் படலமாகப் பரவுகிறது. நீர்மட்டம் 6 மீட்டரில் இருக்க, குழாயில் நீர் உள்ளே புகும் துளைப்பகுதி அடியில் மட்டும் அமைந்திருந்தால், மாசு பல மீட்டர் மேலே மிதந்துகொண்டிருக்கும்போதே சுத்தமான நீர்தான் கிடைக்கும். பழுதுபார்ப்புக் கூடங்களில் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கப் பயன்பட்ட ட்ரைகுளோரோஎத்திலீன் போன்ற கரைப்பான்களோ இதற்கு நேர்மாறானவை. நீரைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அடர்த்தியான அவை, நீர்மட்டத்தையும் தாண்டி மூழ்கி, களிமண் அடுக்கின் முதுகில் தேங்குகின்றன.

எனவே தொட்டிகளும் குழாய்களும் எங்கே புதைந்திருந்தன, கழிவு எண்ணெய் எங்கே கொட்டப்பட்டது என்பதைப் பழைய வரைபடங்களிலிருந்தும் அங்கே வேலை செய்தவர்களிடமிருந்தும் முதலில் அறிய வேண்டும். மனையின் நடு என்பது துளையிட வசதியான இடமே தவிர, கசிவு நடந்த இடமாக இருக்க வேண்டியதில்லை.

அடுத்தது மண். நீரைப் பீய்ச்சித் துளையிட்டால் மேலே வருவது கலங்கிய சேறு மட்டுமே. அடுக்குகளின் வரிசையும் ஆவியாகும் சேர்மங்களும் அதில் தொலைந்துவிடும். இடைவிடாத உருளை மாதிரிகளாக மண்ணை எடுத்து, பெட்டியில் வரிசையாக அடுக்கிப் பார்க்க வேண்டும். மணலுக்கு நடுவே விரற்கடை அளவே தடித்த களிமண் பட்டை ஒன்று தென்பட்டாலும் அதைக் குறித்துக்கொள்வது அவசியம், ஏனெனில் இறங்கி வரும் திரவத்தைத் தடுத்துப் பக்கவாட்டில் திருப்பிவிட அந்தப் பட்டையே போதும். மண்ணை முகர்ந்து பார்க்கும் பழக்கம் இத்துறையில் இன்னும் ஒழியவில்லை. அதைச் செய்யாதீர்கள், ஆவியளக்கும் கையடக்கக் கருவி இருக்கிறது.

நீர் ஓடும் திசையை அறிய, ஒரே நேர்கோட்டில் அமையாத மூன்று கண்காணிப்புக் கிணறுகளேனும் வேண்டும். அவற்றின் நீர்மட்டங்களை ஒரே அடிப்படை உயரத்தோடு ஒப்பிட்டால் சரிவும் திசையும் கிடைக்கும். நாளொன்றுக்கு 10 மீட்டர் நீர்க்கடத்துதிறன் கொண்ட மணலில், 1000 மீட்டருக்கு 5 மீட்டர் சரிவும் 25 விழுக்காடு நுண்துளை அளவும் இருந்தால், நீர் நாளொன்றுக்கு 20 சென்டிமீட்டர், ஆண்டுக்குச் சுமார் 73 மீட்டர் நகரும். பெட்ரோலில் உள்ள நச்சுச் சேர்மமான பென்சீன், மண்துகள்களில் ஒட்டுவதால் சற்றுப் பின்தங்கினாலும், பழைய கசிவு இந்நேரம் மனையின் எல்லையைத் தாண்டியிருக்கலாம்.

பெட்ரோலைத் தேடும் கிணற்றில், குழாயின் துளைப்பகுதி நீர்மட்டத்துக்கு மேலும் கீழும் நீண்டிருக்க வேண்டும். அதைச் சுற்றி மணலும், மணலுக்கு மேல் பெண்டோனைட் எனும், நீரில் ஊறிப் பருக்கும் களிமண்ணால் நீர் புகாத அடைப்பும் இட வேண்டும். களிமண் அடுக்கைத் துளைத்துக் கீழே போக நேர்ந்தால், மேலடுக்கைத் தனிக் குழாயால் அடைத்துவிட்டே தொடர வேண்டும்.

மாதிரி எடுக்கும்போது மெதுவாக இறைத்து, மின்கடத்துதிறனும் அமிலத்தன்மையும் நிலைபெற்ற பிறகே புட்டியை நிரப்ப வேண்டும். 40 மில்லிலிட்டர் புட்டியைத் தளும்ப நிரப்பி மூடி, தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டிப் பாருங்கள். குமிழி ஒன்று மேலேறினால் புதிதாக எடுக்க வேண்டும், பென்சீன் அந்தக் குமிழிக்குள் போய்விடும். புட்டிகள் 4 டிகிரி செல்சியஸ் குளிரில், தூய நீர் நிரப்பிய ஒப்பீட்டுப் புட்டி ஒன்றுடன் ஆய்வகம் சேர வேண்டும். நீர்மட்டம் உயர்ந்த பருவத்தில் ஒருமுறையும் தாழ்ந்த பருவத்தில் ஒருமுறையும் சோதிப்பது நல்லது.

இப்போதைக்கு விற்பவரிடம் அந்தத் துளையின் மண்ணடுக்குப் பதிவையும் குழாய் அமைப்பின் வரைபடத்தையும் கேளுங்கள். அவை இல்லையெனில் அறிக்கையை ஒதுக்கிவிடலாம். துளையை அப்படி ஒதுக்கிவிட முடியாது. களிமண்ணைத் துளைத்துச் சென்று அடைப்பின்றி விடப்பட்டிருந்தால் மேலடுக்கின் மாசு கீழே இறங்க அதுவே வழியாகிவிடும் என்பதால், பேரம் முடியும் முன்பே அடியிலிருந்து மேல்வரை பெண்டோனைட் கலந்த சிமெண்ட் குழம்பால் அதை அடைக்கச் சொல்லுங்கள்.