டியூஷன் விடும் நேரம்

ஐயா,
என் மகள் பத்தாம் வகுப்புக் கணக்கில் 91. பிளஸ் ஒன்னில் ப்யூர் சயின்ஸ் எடுக்கச் சொல்லியிருக்கிறோம். நர்சிங்கோ பார்மசியோ படித்தால் பெண்பிள்ளைக்குப் பாதுகாப்பு. அவளும் சரி என்றுவிட்டாள். பெண்களின் மூளைக்குக் கணக்கு ஒத்துவராது என்கிறார்களே, உண்மையா?
செ.

அன்புள்ள செ.,

91 வாங்கிய பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு கேட்கிற கேள்வியா இது? மூளையை விடுங்கள்.

'அவளும் சரி என்றுவிட்டாள்.' வீடே ஒரு பக்கம் சாய்ந்த பிறகு பதினைந்து வயதுப் பிள்ளை வேறென்ன சொல்வாள்?

நீங்கள் சொல்லும் படிப்புகளுக்குக் கணக்கை விடவே தேவையில்லை. பயோ-மேத்ஸ் குரூப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் நான்கும் உண்டு. பி.எஸ்சி. நர்சிங்குக்கும் நீட்டுக்கும் முதல் மூன்று போதும். பி.பார்முக்கு இயற்பியல், வேதியியலோடு உயிரியலோ கணிதமோ ஒன்றிருந்தால் சரி. ப்யூர் சயின்ஸில் தாவரவியலும் விலங்கியலும் தனித்தனிப் பாடமாகிக் கணக்கின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. பொறியியல் சேர்க்கைக்கான கட்ஆஃப் மதிப்பெண் 200-இல் கணிதம் மட்டும் 100. பிளஸ் டூவில் மனம் மாறினால் கணக்கை நடுவில் சேர்த்துக்கொள்ளவும் முடியாது.

பயோ-மேத்ஸ் சுமைதான். மூன்று ரெக்கார்டு நோட்டு, மூன்று செய்முறை, அதற்கு மேல் கணக்கு. ஆனால் சறுக்கல் அங்கே இல்லை. பல பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தை அரைகுறையாக விட்டு பிளஸ் டூவுக்குத் தாவிவிடுகின்றன. வகையிடலும் தொகையிடலும் (கால்குலஸ்) தொடங்குவது பிளஸ் ஒன் கணக்குப் புத்தகத்தின் இரண்டாம் தொகுதியில். பிளஸ் டூவில் வருவது அவற்றின் பயன்பாடு. அடிப்படை தெரியாத பிள்ளை அங்கே திணறும், டியூஷன் தேடும். டியூஷன் விட இரவு 8 ஆகும். பையன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவான். பெண்ணை 'இருட்டிடும்' என்று நிறுத்திவிடுகிறோம். காலாண்டில் மார்க் குறைந்ததும் 'பொண்ணுக்குக் கணக்கு வராது' என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறோம். அந்தப் பையனை வீட்டில் உட்காரவைத்திருந்தால் அவனுக்கும்தான் வந்திருக்காது.

உங்கள் பயம் அக்கறையில் பிறந்தது, தெரியும். தெரு இருட்டுக்குக் குரூப்பை மாற்றுவது வைத்தியமா?

சேருமுன் பள்ளியில் ஒன்றைக் கேளுங்கள்: போன வருடம் பிளஸ் ஒன் கணக்கின் இரண்டாம் தொகுதியை எந்த மாதம் முடித்தார்கள்? மழுப்பினால் வேறு பள்ளி பாருங்கள். படிவத்தில் குரூப்பை அவளே எழுதட்டும். எட்டு மணிக்கு யார் போய் அழைத்து வருவது என்பதை மட்டும் நீங்கள் முடிவுசெய்யுங்கள்.