சிறுநீரக நோயுள்ள பிள்ளைக்கு ரத்தம் ஏன் ஊறவில்லை?

கே: என் 7 வயது மகளுக்குச் சிறுநீரகத்தில்தானே பழுது? ஹீமோகுளோபின் ஏன் 8-க்கு இறங்கியது?

ப: ரத்தச் சிவப்பணு ஊறுவது எலும்பு மஜ்ஜையில். ஊறச் சொல்லி அதற்கு உத்தரவு தருவது எரித்ரோபொய்டின் என்ற ஹார்மோன். அதைப் பெரும்பாலும் சிறுநீரகம்தான் சுரக்கிறது. சிறுநீரகம் தளர்ந்தால் உத்தரவு வருவதில்லை. உங்கள் மகளின் மஜ்ஜை அநேகமாக நன்றாகவே இருக்கும். ஆனால் இந்த வயதில் 11.5-க்குக் கீழே போனாலே ரத்தசோகைதான். 8 வரை இறங்கியதை ஆறப்போடாதீர்கள், இதயத்துக்குச் சுமை.

கே: முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம் கொடுக்கலாமா?

ப: உணவியல் நிபுணரைக் கேட்காமல் வேண்டாம். இரண்டிலும் பொட்டாசியம் அதிகம். அது ரத்தத்தில் ஏறினால் இதயத்துடிப்பே குலையும்.

கே: எரித்ரோபொய்டின் ஊசியின் டோஸைக் கூட்டியும் ரத்தம் ஏறவில்லை. டாக்டர் பாராதைராய்டு ஹார்மோன் டெஸ்ட் எழுதியிருக்கிறார். இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

ப: நிறைய இருக்கிறது. முதலில் இரும்புச்சத்து. உடம்பில் அழற்சி இருந்தால் ஹெப்சிடின் என்ற பொருள் கூடி, குடலிலிருந்து இரும்பை உள்ளே விடாது. சிரப் குடித்தும் பலன் இருக்காது. அப்போது ரத்தக்குழாய் வழியாக இரும்பு ஏற்றுவோம். டயாலிசிஸ் குழாயில் கிருமித் தொற்று ஒளிந்திருக்கிறதா என்றும் தேட வேண்டும்.

அப்புறம்தான் பாராதைராய்டு, அதாவது கழுத்திலுள்ள சிறு சுரப்பிகள். ரத்தத்தில் பாஸ்பரஸ் தேங்கி, கால்சியம் குறையும்போது அவை சுரக்கும் ஹார்மோன் ஏறி, எலும்பைக் கரைத்துக் கால்சியம் எடுக்கும். நாள்பட்டால் மஜ்ஜைக்குள் நார் படிந்து, ரத்தம் ஊறும் இடமே சுருங்கிவிடும். எத்தனை ஊசி போட்டும் பயன் இருக்காது. ஹார்மோன் இறங்கினால் மஜ்ஜை மீள வாய்ப்பு உண்டு. ஆகவே உணவிலுள்ள பாஸ்பரஸை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும் மாத்திரையைச் சாப்பாட்டோடு கொடுங்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் கொடுத்தால் வீண். நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான்.

கே: மஜ்ஜைப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். புற்றுநோயா?

ப: பயப்படாதீர்கள், அதற்கு மட்டும் செய்கிற பரிசோதனை அல்ல. அரிதாக, போட்ட எரித்ரோபொய்டின் ஊசிக்கு எதிராகவே உடல் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) உண்டாக்கி, சிவப்பணு ஊறுவதை நிறுத்திவிடும். சிறுவயதிலேயே கல் அடைத்துச் சிறுநீரகம் செயலிழந்த சில பிள்ளைகளுக்கு மஜ்ஜையில் ஆக்சலேட் என்ற உப்பின் படிகங்கள் தெரியும். அதற்குக் காரணம் ஒரு பரம்பரை நோய். மாற்றுச் சிறுநீரகத்தையும் தாக்கும் என்பதால் முன்பே கண்டுபிடிப்பது அவசியம். வலி தெரியாமலிருக்க மருந்து கொடுத்து, பெரும்பாலும் இடுப்பெலும்பின் பின்புறத்தில்தான் எடுப்பார்கள்.

கே: சித்தப்பா ரத்தம் தரத் தயார். ஏற்றிவிடலாமா?

ப: உயிருக்கு ஆபத்து இல்லையென்றால் கூடியவரை தவிர்க்கப் பாருங்கள். ஏற்றும் ரத்தத்தால் எதிர்ப்பொருள் உருவாகி, பிற்பாடு பொருந்தும் சிறுநீரகம் கிடைப்பது கடினமாகலாம். சிறுநீரகம் தரக்கூடிய உறவினரின் ரத்தம் வேண்டவே வேண்டாம்.

கே (வேறொரு பெற்றோர்): சிறுநீரக மாற்று அறுவைக்குப் பின் என் மகனுக்கு வெள்ளணு குறைகிறது. ஏன்?

ப: மைகோபீனோலேட் (நிராகரிப்பைத் தடுக்கும் மருந்து), வால்கான்சிக்ளோவிர் (வைரஸ் மருந்து), கோட்ரைமாக்சசோல் (கிருமி மருந்து) மூன்றுமே மஜ்ஜையை அடக்கக்கூடியவை. எதைக் குறைப்பது என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். நீங்களாக நிறுத்தினால் புதுச் சிறுநீரகத்தை உடல் நிராகரித்துவிடலாம். காய்ச்சல் வந்தால் மறுநாள் வரை காத்திருக்காமல் உடனே அழைத்துப் போங்கள்.