சப்ளையர் கொடுத்த பெருநாள் கவர்: துபாய்க்குப் புதிதாக வந்த தம்பிக்கு

வ அலைக்கும் ஸலாம் தம்பி. துபாய் வந்து மூன்று மாதம், பர்ச்சேஸ் செக்‌ஷனில் வேலை, கம்பெனிக்குச் சாமான் போடும் சப்ளையர் ஒருவர் பெருநாள் அன்பளிப்பு என்று 500 திர்ஹம் வவுச்சரைக் கவரில் வைத்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார், சீனியர்கள் எல்லாரும் வாங்குகிறார்கள், நானாகக் கேட்கவில்லையே, வைத்துக்கொள்ளலாமா என்று எழுதியிருந்தீர்கள். வைத்துக்கொள்ளாதீர்கள். நான் இங்கே வந்து 19 வருஷம் ஆகிறது, அதில் பாதிக்கு மேல் பர்ச்சேஸில்தான், அதனால் நேராகவே சொல்கிறேன்.

அன்பளிப்பை ஏற்பது சுன்னத்துதானே, நபிவழிதானே என்று உங்கள் ரூம்மேட் சொன்னாராம். உண்மைதான், நபி (ஸல்) அவர்கள் அன்பளிப்பை ஏற்றார்கள், பதிலுக்குக் கொடுக்கவும் செய்தார்கள். ஆனால் வேலைக்காக வரும் அன்பளிப்பைப் பற்றித் தனியாகவே ஹதீஸ், அதாவது நபிமொழி, இருக்கிறது. புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு ஹதீஸ் நூல்களிலும் நபித்தோழர் அபூ ஹுமைத் (ரலி) அறிவிப்பது. பனூ ஸுலைம் கூட்டத்தாரிடம் ஜகாத் என்ற கட்டாய தர்மத்தை வசூலிக்க இப்னுல் லுத்பிய்யா என்பவரை நபியவர்கள் அனுப்புகிறார்கள். அவர் திரும்பி வந்து, இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்று பிரித்து வைக்கிறார். அவர் எதையும் ஒளிக்கவில்லை, வெளிப்படையாகத்தான் சொன்னார். அப்படியும் நபியவர்கள், உன் தகப்பன் வீட்டிலோ தாய் வீட்டிலோ உட்கார்ந்திருந்தால் இது உன்னைத் தேடி வந்திருக்குமா என்று கேட்டார்கள். அதோடு விடாமல் மக்களிடமும் எழுந்து பேசினார்கள், அப்படி எடுத்தவர் அது ஒட்டகமானாலும் மாடானாலும் ஆடானாலும் மறுமையில் கழுத்தில் சுமந்து வருவார் என்று எச்சரித்தார்கள்.

அதே கேள்வியை நீங்களும் கேட்டுப் பாருங்கள். படிப்பு முடித்துவிட்டு ஊரில் வாப்பா உம்மாவோடு வேலையில்லாமல் இருந்தீர்களே, அப்போது இந்த மனிதர் எங்கே இருந்தார்? அந்தக் கவர் உங்களுக்கு வரவில்லை தம்பி, நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கு வந்தது, நாற்காலி முதலாளியுடையது.

எனக்கு இது பட்டுத்தான் புரிந்தது. வந்த புதிதில் ஒரு சப்ளையர் கொடுத்த மொபைலை வாங்கி வைத்துக்கொண்டேன். இரண்டு மாதம் கழித்து அவர் அனுப்ப வேண்டிய கேபிள் பத்து நாள் தாமதம், சைட்டில் ஆட்கள் வேலையில்லாமல் நிற்கிறார்கள், ஃபோன் போட்டு இரண்டு வார்த்தை கண்டிப்பாகப் பேச வேண்டிய நான் வாயைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். கையில் இருந்தது அவர் கொடுத்த ஃபோன். அவர் எதுவும் கேட்கவில்லை, கேட்காமலே அவர் பக்கம் சாய்ந்துவிட்டேன். அப்புறம் மார்க்கம் படித்த ஒரு ஆலிமிடம் போய்க் கேட்டேன், கொடுத்தவரிடமே திருப்பிக் கொடு, அவர் வாங்க மறுத்தால் கம்பெனியில் ஒப்படை என்றார். கம்பெனியில்தான் ஒப்படைத்தேன், மேனேஜர் முன்னால் தலை நிமிர முடியவில்லை.

இதற்காக எல்லாவற்றுக்கும் பயப்பட வேண்டாம். சப்ளையர் ஆபீசுக்குப் போனால் கஹ்வா என்ற அரபுக் காபியும் பேரீச்சம்பழமும் வைப்பார்கள், வருகிற எல்லாருக்கும் வைப்பதுதான், சாப்பிடுங்கள். காலண்டர், பேனா, டைரி எல்லாருக்கும் கொடுப்பது, கம்பெனியும் அனுமதிக்கிறது என்றால் சரி. ரமலானில் பெட்டி பெட்டியாகப் பேரீச்சம்பழம் வரும், அதை நான் பேன்ட்ரியில் எல்லாருக்குமாக வைத்துவிடுவேன். முதலாளிக்குத் தெரிந்தால் கூச்சப்படுவோமா என்று பாருங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீரும். அமீரகச் சட்டத்திலும் தனியார் கம்பெனி ஊழியர் வாங்கும் லஞ்சம் குற்றம்தான், அன்பளிப்பு என்று பெயர் வைத்தால் தப்பிக்க முடியாது. லஞ்சம் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் நபியவர்களின் சாபம் இருப்பது அதைவிடப் பெரிய விஷயம்.

வேலை நேரத்தில் அஸர், அதாவது பிற்பகல் தொழுகை, தொழ வெளியே போகலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போங்கள், இங்கே யாரும் தடுப்பது அபூர்வம், சூப்பர்வைசரிடம் நேரத்தை முன்பே சொல்லி வைத்துவிடுங்கள். ஆனால் தொழுதுவிட்டுப் பள்ளி வாசலில் அரை மணி நேரம் ஊர்க்கதை பேசுகிறோமே, அது கம்பெனி நேரம். ஐந்தரைக்குக் கிளம்பிவிட்டு ஓவர்டைம் ஷீட்டில் ஏழு என்று எழுதுவதும் அப்படித்தான். வாங்கும்போது நிறைய அளந்து கொடுக்கும்போது குறைப்பவர்களுக்குக் கேடு என்று குர்ஆனில் முதஃப்ஃபிஃபீன் சூரா (அத்தியாயம்) தொடங்குகிறது. தராசு பிடிக்கும் கடைக்காரரை மட்டும் சொன்னதாக நினைக்க வேண்டாம், மாசக் கடைசியில் சம்பளத்தை முழுசாக எண்ணி வாங்கும் நமக்கும் அது பொருந்தும்.

சீனியர்கள் பகைத்துக்கொள்வார்களே என்ற பயம் எனக்கும் இருந்தது. அவர்களுக்கு உபதேசம் செய்யப் போகாதீர்கள், உங்கள் கவரை மட்டும் பாருங்கள். சப்ளையருக்கு ஃபோன் போட்டு, "ஷுக்ரன் பாய், மனசு நிறைஞ்சது, ஆனா எனக்கு வாங்க அனுமதி இல்லை" என்று சிரித்தபடி சொல்லித் திருப்பிக் கொடுங்கள். வாங்க மறுத்தால் மேனேஜருக்கு இரண்டு வரி மெயில் எழுதி, தேதியும் தொகையும் போட்டு, கவரை அவர் மேசையில் வைத்துவிடுங்கள். இந்த வாரம் அந்தச் சப்ளையருடைய கொட்டேஷன் உங்களிடம் வருகிறது என்று சொன்னீர்கள், அதைப் பிரிப்பதற்கு முன்னாலேயே இதை முடித்துவிடுங்கள்.