இரண்டு உலகப் போர்களிலும் தாய்லாந்து எந்தப் பக்கம் நின்றது? ஜப்பானோடு சேர்ந்திருந்தும் தோற்ற நாடாக ஏன் நடத்தப்படவில்லை?

கேள்வியின் விவரத்தில், "நாணல்போல் வளைந்து தப்பித்துக்கொண்ட நாடு என்கிறார்களே, சரியா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். பாதி சரி. முதல் போரில் சயாம் (தாய்லாந்தின் அன்றைய பெயர்) வளையவே இல்லை, கணக்குப் போட்டுத்தான் இறங்கியது. இரண்டாம் போரில் வளைந்தது உண்மை. ஆனால் வளைத்தது காற்று மட்டும் அல்ல, மண்ணாசையும்தான். பாங்காக்கில் சில ஆண்டுகள் வேலை பார்த்தபோது இந்த வரலாற்றைத் தேடிப் படித்தேன். அதிலிருந்து சொல்கிறேன்.

1855-இல் தொடங்க வேண்டும். அந்த ஆண்டு பிரிட்டனுடன் செய்துகொண்ட பௌரிங் ஒப்பந்தத்தின்படி, சயாம் இறக்குமதிப் பொருளுக்கு 3 சதவீதத்துக்கு மேல் சுங்கம் வாங்கக் கூடாது. சயாம் மண்ணில் குற்றம் செய்த பிரிட்டிஷ் பிரஜையைச் சயாம் நீதிமன்றம் தொடவும் முடியாது, அவர்களுடைய தூதரகமே விசாரித்துக்கொள்ளும். விஷயம் தெரிந்ததும் மற்ற மேற்கு நாடுகளும் வரிசையில் வந்து நின்று அதே சலுகையை வாங்கிக்கொண்டன. இதோடு முடியவில்லை. 1893-இல் மேகாங் ஆற்றின் கிழக்குக் கரையும் 1907-இல் கம்போடியாவின் பட்டம்பாங், சியாம் ரீப் பகுதிகளும் பிரான்சுக்குப் போயின. 1909-இல் மலாய் மாநிலங்களான கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு ஆகியவை பிரிட்டனுக்குப் போயின. காலனி ஆகாத ஒரே தென்கிழக்காசிய நாடு என்ற பெருமைக்கு அவர்கள் கொடுத்த விலை இவ்வளவு.

முதல் உலகப் போர் மூண்டபோது சயாம் நடுநிலை என்று அறிவித்தது. மன்னர் வஜிராவுத் ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர், சாண்ட்ஹர்ஸ்டில் ராணுவப் பயிற்சி பெற்றவர். அவருக்குப் பிரிட்டன் பக்கமே சாய்வு. ஆனால் நாட்டில் ஜெர்மனிமீது பரிவு கொண்டவர்கள் நிறையவே இருந்தார்கள். நிலத்தைப் பிடுங்கியவர்கள் பிரிட்டனும் பிரான்சும். ஜெர்மானியர்களோ ரயில் பாதை போட்டுக் கொடுத்தவர்கள். 1917 ஏப்ரலில் அமெரிக்கா போரில் இறங்கியதும் எந்தப் பக்கம் ஜெயிக்கும் என்பது ஓரளவு தெரிந்துவிட்டது. ஜூலை 22 அன்று சயாம், ஜெர்மனிமீதும் ஆஸ்திரியா-ஹங்கேரிமீதும் போர் அறிவித்தது. சாவ் பிரயா ஆற்றில் நின்றிருந்த ஜெர்மானியக் கப்பல்களை உடனே கைப்பற்றினார்கள். அதே செப்டம்பரில் கொடியையும் மாற்றினார்கள். முன்பு சிவப்புத் துணியில் வெள்ளை யானை இருந்தது. நேச நாடுகளின் கொடிகளோடு ஒத்துப்போகும்படி சிவப்பு, வெள்ளை, நீலப் பட்டைகள் வந்தன. இன்று நாம் பார்ப்பது அந்தக் கொடிதான்.

1918 கோடையில் ஏறக்குறைய 1,200 தொண்டர் வீரர்கள் மார்செய் துறைமுகத்தில் போய் இறங்கினார்கள். விமானப் பிரிவினர் பயிற்சியை முடிப்பதற்குள் போரே முடிந்துவிட்டது. லாரி ஓட்டிய பிரிவு மட்டும் போர்முனைக்குச் சரக்கு கொண்டுபோனது. மாண்டவர்கள் 19 பேர், பெரும்பாலும் நோயாலும் விபத்தாலும். பாங்காக்கில் சனாம் லுவாங் மைதானத்தின் ஓரத்தில் அவர்களுக்கு ஒரு சிறிய வெள்ளைத் தூபி இருக்கிறது. அரண்மனை பார்க்க வரும் கூட்டம் அதைக் கவனிப்பதே இல்லை.

போட்ட முதல் சிறிது, வரவு பெரிது. 1919-இல் பாரிஸின் வெற்றி அணிவகுப்பில் சயாம் வீரர்கள் நடந்தார்கள். ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்தில் சயாம் தொடக்க உறுப்பினர் ஆனது. 1920-இல் அமெரிக்கா பழைய ஒப்பந்தத்தை விட்டுக்கொடுத்தது. பிறகு, அமெரிக்க அதிபர் வில்சனின் மருமகனும் ஹார்வர்ட் சட்டப் பேராசிரியருமான பிரான்சிஸ் சேயரையே தங்கள் ஆலோசகராக அமர்த்தி ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். 1925-இல் பிரான்சும் பிரிட்டனும் இறங்கிவந்தன. சுங்கம் மீண்டும் சயாம் கைக்கு வந்தது. முதல் உலகப் போரில் இவ்வளவு மலிவாக இவ்வளவு சம்பாதித்த நாடு வேறு ஏதும் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் போன நிலம் திரும்பவில்லை. இரண்டாம் போரில் அவர்கள் எடுத்த முடிவுகளுக்கு இந்தக் குறையே வேர்.

1932-இல் முடியாட்சியின் அதிகாரத்தைப் பறித்த குழுவில் இருவர் முக்கியம்: ராணுவ அதிகாரி பிபுன் சொங்க்ராம், சட்டம் படித்த பிரிதி பனோம்யோங். இருவரும் பிரான்சில் படித்த காலத்திலேயே கூட்டாளிகள். பிபுன் பிரதமரானதும் 1939-இல் நாட்டின் பெயரைத் தாய்லாந்து என்று மாற்றினார். 1940 ஜூனில் பிரான்ஸ் ஹிட்லரிடம் விழுந்ததும், இதுதான் சமயம் என்று பிரெஞ்சுக் காலனியான இந்தோசீனாவில் பிரெஞ்சுப் படையோடு மோதினார். கோ சாங் தீவருகே நடந்த கடற்போரில் தாய் கடற்படை நன்றாக அடிவாங்கியது. ஆனாலும் ஜப்பான் நடுவராகப் புகுந்து, 1941 மே மாதம் டோக்கியோவில் தாய்லாந்துக்கு நிலம் வாங்கிக் கொடுத்தது. பாங்காக்கின் வெற்றி நினைவுச் சின்னம் இந்தப் போருக்காக எழுப்பியதுதான். நான் தினமும் பஸ் மாறிய இடம் அது. ஐந்தே ஆண்டில் திருப்பிக் கொடுத்துவிட்ட நிலத்துக்கு அத்தனை உயரத் தூண்!

நடுவருக்கும் கூலி உண்டு அல்லவா? 1941 டிசம்பர் 8 அதிகாலையில் சொங்க்லா, பட்டாணி, பிரசுவாப் என்று கடற்கரை நெடுக ஜப்பானியப் படை இறங்கியது. பிபுன் அப்போது தலைநகரில் இல்லை. அவர் வந்து சேரும்வரை அமைச்சரவை கையைப் பிசைந்துகொண்டிருந்தது. காலையிலேயே சண்டை நிறுத்தம் அறிவிக்கப்பட்டது. செய்தி எட்டாத பிரசுவாப் விமானத் தளத்தில் மட்டும் மறுநாள்வரை போராடினார்கள். டிசம்பர் 21 அன்று மரகத புத்தர் கோயிலில் வைத்து ஜப்பானோடு கூட்டணி ஒப்பந்தம் கையெழுத்தானது. 1942 ஜனவரி 25 அன்று பிரிட்டன்மீதும் அமெரிக்காமீதும் போர் அறிவித்தார்கள். இதுவரை நிர்ப்பந்தம் என்று சொல்லலாம். அதே ஆண்டு மே மாதம் பர்மாவின் ஷான் பகுதிக்குள் தாய் படை நுழைந்ததையும், 1943-இல் நான்கு மலாய் மாநிலங்களை ஜப்பானிடமிருந்து வாங்கிக்கொண்டதையும் நிர்ப்பந்தம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இந்தக் காலத்தில்தான் நம்மவர்கள் கதைக்குள் வருகிறார்கள். தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க ஜப்பான் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதையில் 60,000-க்கும் மேற்பட்ட போர்க்கைதிகள் வேலை வாங்கப்பட்டார்கள். ஆசியக் கூலிகள் அவர்களைவிடப் பல மடங்கு. அதில் பல்லாயிரம் பேர் மலாயா ரப்பர் தோட்டத் தமிழர்கள். வெள்ளைக்காரத் துரைகள் ஓடிப்போய், ரப்பர் ஏற்றுமதி நின்று, தோட்டங்களில் பசி தலைவிரித்தாடிய நேரம். மூன்று மாத வேலை, நல்ல கூலி என்று சொல்லி ஆள் பிடித்தார்கள். பிடிபட்ட பலர் திரும்பவே இல்லை. 1943 மழைக்காலத்தில் காலரா முகாம் முகாமாக வாரிக்கொண்டு போனது. போர்க்கைதிகளில் இறந்தவர்கள் 12,000-க்கும் மேல். ஆசியத் தொழிலாளர்களில் ஏறக்குறைய 90,000 பேர் என்று மதிப்பிடுகிறார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரி ஊரிலுள்ள போர்க் கல்லறையில் ஏறக்குறைய 7,000 கைதிகள் இருக்கிறார்கள். கல்லுக்குக் கல் பெயர், படைப்பிரிவு, வயது, வெட்டிச் சீராக்கிய புல். தமிழ்க் கூலிகளுக்கு அங்கே இடமில்லை, அது கைதிகளுக்கான இடம். கூலிகளைக் காட்டில் புதைத்தார்கள், எரித்தார்கள். அதே ஊரின் வாட் தாவோன் வராராம் விகாரையில் சில ஆண்டுகளுக்கு முன்புதான் தமிழர்களுக்காக நடுகல் நாட்டினார்கள்.

தாய் மக்களும் ஜப்பானியர்களை மடியில் வைத்துக் கொஞ்சவில்லை. 1942 டிசம்பரில் பான் போங் என்ற ஊரில் கைதிகளுக்குச் சிகரெட் கொடுத்த பிக்கு ஒருவரை ஜப்பானியச் சிப்பாய் கன்னத்தில் அறைந்தான். அது கைகலப்பாகி, துப்பாக்கிச் சூடாகி, உயிர்கள் போயின. டோக்கியோ பதறிப்போய் தாய்லாந்துக்கென்று தனித் தளபதியை அனுப்பியது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. தாய்லாந்து தப்பியதற்கு முதல் காரணம் வாஷிங்டனில் தூதராக இருந்த சேனி பிரமோஜ். போர் அறிவிப்பை அமெரிக்க அரசிடம் கொடுக்க அவர் மறுத்துவிட்டார். அமெரிக்காவும் தாய்லாந்தை எதிரியாக நடத்தாமல், ஆக்கிரமிக்கப்பட்ட நாடாகவே பார்த்தது. சேனி அங்கிருந்த மாணவர்களைத் திரட்டிச் 'சுதந்திரத் தாய்' இயக்கத்தைத் தொடங்கினார். பிரிட்டனிலிருந்தும் மாணவர்கள் வந்தார்கள். 1944-இல் பாராசூட்டில் குதித்துப் பிடிபட்ட புவே உங்பகோர்ன் பிற்காலத்தில் நாட்டின் மத்திய வங்கி ஆளுநர் ஆனார். உள்நாட்டில் இயக்கத்தை நடத்தியவரோ, மன்னருக்குப் பதிலாக ஆளும் அரசப் பிரதிநிதியாக நாற்காலியில் அமர்ந்திருந்த அதே பிரிதி! ஜப்பானியத் தளபதிகளை வரவேற்றுக்கொண்டே நேச நாட்டு உளவாளிகளைப் பாங்காக்கில் ஒளித்துவைத்திருந்தார். ஜப்பான் தோற்பது தெரிந்ததும் 1944 ஜூலையில் நாடாளுமன்றத்தின் வழியாகவே பிபுன் ஓரங்கட்டப்பட்டார்.

ஜப்பான் சரணடைந்த மறுநாள், 1945 ஆகஸ்ட் 16 அன்று, போர் அறிவிப்பே செல்லாது என்று பிரிதி பிரகடனம் செய்தார். 1942-இன் அந்தப் போர் அறிவிப்பில் அரசப் பிரதிநிதிகள் அனைவரும் கையெழுத்திடவில்லை என்பது சட்ட வாதம். அமெரிக்கா ஏற்றது. பிரிட்டன் முகத்தைத் திருப்பிக்கொண்டது. 1946 ஜனவரி 1 ஒப்பந்தத்தில் 15 லட்சம் டன் அரிசியை இலவசமாகக் கேட்டது. சில மாதங்களில் அது காசுக்கு வாங்குவதாக மாறியது. பிரான்சுக்கு நிலத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகே 1946 டிசம்பரில் ஐ.நா. கதவு திறந்தது.

பிபுன்மீது போர்க்குற்ற வழக்கு போட்டார்கள். செயல் நடந்த பிறகு இயற்றிய சட்டம் அதற்குச் செல்லாது என்று நீதிமன்றம் விட்டுவிட்டது. 1947 நவம்பரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, 1948 ஏப்ரலில் அவர் மீண்டும் பிரதமர். பிரிதி தப்பி ஓடி, சீனாவிலும் பிரான்சிலும் காலம் தள்ளி, 1983-இல் பாரிஸில் இறந்தார்.